சுட்ட கிழங்கும் அவிந்த கிழங்கும்

அவித்தல், சுடுதல் என்னும் இரு சொற்களையும் ஒரு பொருளனவாக நம்மவர் வழங்குவதில்லை. இட்டிலியை அவிக்கின்றோம், தோசையைச் சுடுகின்றோம். தமிழ் பயிலும் மாணவனாகிய யான் இவ்வேறுபாட்டை நன்கறிவேன் என்றே எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று என்பது சென்ற கோடை விடுமுறையில் ஓர் உருளைக்கிழங்கினால் வெளிப்பட்டது.

என் தாத்தா இளமையில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராயிருந்தவர். குளிர் மிகுந்த இரவுகளில் முழுக் கிழங்கைத் தணலிற் புதைத்துச் சுட்டு, பிட்டு, உப்பும் வெண்ணெயும் இட்டு உண்டதை அவர் பலகாற் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இப்பொழுது பற்கள் அனைத்தையும் இழந்து, கஞ்சியும் குழைந்த சோறுமே உணவாகக் கொண்டு, அவற்றின்மீது வெறுப்புற்று, நாளுக்கு நாள் உணவைக் குறைத்துவந்தார். வீட்டில் எல்லோருக்கும் அதுவே கவலை. ஒரு நாள், "அந்தக் கிழங்கு ஒன்று கிடைத்தால் உண்பேன்" என்றார். கிறிஸ்துமஸ் கேக்கிற்காக வாங்கப்பெற்று, ஆண்டிற் பதினொரு மாதம் உறங்கும் எங்கள் மின்சார ஓவனை உடனே எழுப்பினேன். கிழங்குகளை அலுமினியத் தாளிற் பொதிந்து ஒரு மணி நேரம் உள்ளே வைத்தெடுத்து, பெருமிதத்தோடு அவர்முன் வைத்தேன். ஒரு வாய் உண்டார். "தம்பி, இது அவித்த கிழங்கல்லவா? சுட்டது எங்கே?" என்று வினவித் தட்டை நகர்த்திவிட்டார்.

அவர் கூறியதன் காரணத்தை அறியப் புகுந்தேன். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி மாச்சத்து. அம்மாச்சத்து நுண்ணிய மணிகளாக உயிரணுக்களுள் அடங்கிக் கிடக்கின்றது. உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின் என்னும் பசை போன்ற பொருள். வெப்பம் 60 முதல் 70 டிகிரி செண்டிகிரேட் வரை ஏறுங்கால், மாமணிகள் தம்மைச் சூழ்ந்த நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. வெப்பம் மேலும் ஏற ஏறப் பெக்டின் இளகித் தன் பிடியை விடுகின்றது. உயிரணுக்கள் தனித்தனியே பிரிகின்றன. நன்கு வடித்த பழைய அரிசிச் சோறு பருக்கை பருக்கையாகப் பொலபொலவென்று நிற்குமே, அதனை ஒத்தது இந்நிலை. கிழங்கு மலர்ந்தது எனக் கூறுதற்குரியதும் இதுவே. ஆயின், பிரிந்த உயிரணுக்களிடையே மிகுநீர் தங்கிவிடின் அவை மீண்டும் ஒட்டிச் சேறு போலாகும். ஆகலின் நீரில் ஒரு பகுதி மாமணிகளுட் புகுதல் வேண்டும். மற்றொரு பகுதி ஆவியாகி வெளியேறுதல் வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டால், ஓவனுள் இருப்பினும் கிழங்கு தன் ஆவியிலேயே அவிகின்றது. தணலிற் புதைத்த கிழங்கின் ஆவியோ சாம்பலினூடே கசிந்து போய்விடும். யான் சுற்றிய தாள் அவ்வாவியைச் சிறைப்படுத்திற்று. தாத்தாவின் சொல்லில் எழுத்துப் பிழையுமில்லை, பொருட் பிழையுமில்லை.

இரண்டாம் முறை தாளை நீக்கினேன். அப்பொழுதும் கிழங்கு மலரவில்லை, மெழுகு போலிருந்தது. குற்றம் இம்முறை கிழங்கின்பாலது. மாச்சத்து மிக்க கிழங்கே மலரும். குறைந்தது மெழுகுத் தன்மையுடையதாய், எவ்வளவு வெந்தாலும் தன் வடிவை விடாது நிற்கும். குழம்பிற்கு அஃது ஏற்றது, சுடுதற்கு ஏலாது. விரலால் தேய்த்த மாத்திரத்தில் தோலுரியும் புதுக்கிழங்கு பெரும்பாலும் இவ்வினத்தையே சாரும். அமெரிக்காவிற் சுடுதற்குப் பெயர்பெற்ற ரஸெட் பர்பாங்க் என்பது, லூதர் பர்பாங்க் என்பார் 1870-களில் வளர்த்தெடுத்த கிழங்கின் வழித்தோன்றல். நம் நாட்டிற் குப்ரி சிப்சோனா என்னும் வகைகள் வறுவலுக்கென்றே நீர் குறைந்தனவாக உருவாக்கப்பெற்றன. இவற்றையெல்லாம் படித்துவிட்டுக் கடைக்குச் சென்று வகைப்பெயர் வினவினால், "ஊட்டிக் கிழங்கு, மற்றக் கிழங்கு" என்பதற்குமேல் விடை கிடைப்பதரிது. ஆதலின் பெயரை விடுத்துச் சோதனையை நாடுதல் நலம். ஒரு கிண்ணம் உப்பைப் பதினொரு கிண்ணம் நீரிற் கரைத்து, கிழங்குகளை அதில் இடுக. மாச்சத்து மிக்கது கனத்தால் மூழ்கும். மெழுகுக் கிழங்கு மிதக்கும். யான் வாங்கிய பன்னிரண்டில் ஐந்தே மூழ்கின. குளிர்ப்பெட்டியில் நெடுநாள் வைத்த கிழங்கையும் விலக்குக. குளிரினால் அதன் மாச்சத்து சர்க்கரையாக மாறி, சுவை இனித்துவிடும். பச்சை நிறம் பாய்ந்த கிழங்கில் நச்சுப்பொருள் மிகுதலின், அது எச்சமையலுக்கும் ஆகாது.

தோலின் அழகுக்கும் உள்ளின் மென்மைக்கும் தொடர்பில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் யாக்கிமா பள்ளத்தாக்கின் உழவர், பெரியனவும் தோல் முரடானவுமாகிய கிழங்குகளை வாங்குவாரின்மையாற் பன்றிகளுக்கு இட்டுவந்தனர். நார்தர்ன் பசிபிக் இருப்புப்பாதையின் உணவுவண்டிகளுக்குத் தலைவராயிருந்த ஹேஸன் டைட்டஸ் என்பார் அவற்றை மெல்லச் சுட்டுப் பார்த்து, உள்ளே அவை நன்கு மலர்வதைக் கண்டார். 1909 முதல் அப்பெருங்கிழங்கு அவ்வண்டிகளிற் பரிமாறப்பெற்று, அவ்விருப்புப்பாதைக்கே விளம்பரமாயிற்று.

இனிச் சுடும் முறை. 200 முதல் 250 கிராம் வரை எடையுள்ள ஓரளவான கிழங்குகளைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரமறத் துடைத்து, முள்கரண்டியால் ஆறேழு இடங்களிற் குத்துக. ஆவி போதற்கும், கிழங்கு வெடியாதிருத்தற்கும் இத்துளைகள் வேண்டும். முன்னரே 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனிற் கம்பித் தட்டின்மீது, ஒன்றையொன்று தீண்டாவாறு வைக்க. தகட்டின்மீது வைப்பின் அடிப்புறம் வியர்த்து நனையும். ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி வரை செல்லும். மெல்லிய கம்பி நடுவிடம்வரை தடையின்றிச் செல்லுமாயின் வெந்தது எனக் கொள்க. வெப்பமானி உடையார் நடுவில் 96 டிகிரிக்குக் குறையாமை கண்டு எடுத்தல் சாலும். தோல் மொறுமொறுப்பாதல் வேண்டின், இறுதிப் பத்து நிமிடத்தில் சிறிது எண்ணெய் பூசலாம்.

இவ்வளவு செய்தும், எடுத்தபின் வாளாவிருந்தால் எல்லாம் வீணாகும். உள்ளே நிற்கும் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராய் மாவை நனைத்துவிடும். ஆகவே எடுத்த அக்கணமே மேற்புறம் சிலுவைபோற் கீறி, துணி கொண்டு இருபுறமும் பற்றி அழுத்துக. வெண்மையான மா பூவிரிவதுபோல் மேலெழும்; ஆவி குபீரென்று கிளம்பும்; முகத்தைச் சற்று விலக்கிக்கொள்க.

அலுமினியத் தாளைப்பற்றி இன்னும் ஒன்று. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து ஓவனின் வெப்பத்திலும் மடிவதில்லை. தாளிற் பொதிந்தவாறே கிழங்கை வெளியில் வைத்துவிட்டால், காற்றில்லாத அவ்வீரத்தில் அவ்வித்து முளைத்து, பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1994-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாஸோ நகரில், அவ்வாறு வைத்த கிழங்காற் செய்த உணவை உண்டு முப்பதின்மர் நோயுற்றனர். மிஞ்சிய கிழங்கைத் தாளின்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்பதே தக்கது.

மூன்றாம் முறை, உப்புநீரில் மூழ்கிய ஐந்தினையும் சுட்டேன். தாத்தா முதலில் ஆவியைத்தான் நோக்கினார். சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்து யான் பிசைந்து கொடுத்ததை ஒன்றரைக் கிழங்கு அளவு உண்டு, மிளகுப்பொடி குறைவென்றார். மறுநாட் காலையிற் கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டதும், "கிழங்கு முடிந்துவிட்டதோ?" என்று வினவினார்.