காணாமல் போன 45 ஜிபி



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா நம்ம எல்லாருக்கும் ஒரு வேலை காத்துக்கிட்டு இருக்கும். "இன்ஜினியரிங் படிக்கிற பையன்தானே, இதை என்னன்னு பாரு" என்று யாராவது ஒரு கம்ப்யூட்டரை முன்னாடி வைப்பாங்க. நீங்க சிவிலா, மெக்கானிக்கலா என்பதெல்லாம் கணக்கே இல்ல. போன லீவுல எனக்கு அப்படி வந்தது பெரியப்பா வீட்டு டெஸ்க்டாப்.

ஊர் கிளாவரை. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போய் பஸ் ரோடு முடியற இடம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையற மலைக்கிராமம். கம்ப்யூட்டர் கெட்டுப்போனா தூக்கிக்கிட்டு 40 கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போகணும். மழை பெய்தா கரண்ட் இருக்காது, மூடுபனி வந்தா சிக்னல் இருக்காது.

பிளஸ் டூ முடிச்ச தங்கச்சி, பொறியியல் கலந்தாய்வுக்குச் சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருந்தா. சேவ் ஆகல. "டிஸ்க்ல இடம் இல்லை" என்று வந்தது. சி டிரைவ் சிவப்பா இருந்தது. 97.6 ஜிபியில் மிச்சம் 1.2 ஜிபிதான். ஏற்கெனவே ஒரு கடையில கேட்டதுக்கு, "பார்மட் போட்டாத்தான் சரியாகும், இல்லன்னா புது ஹார்ட் டிஸ்க் வாங்குங்க" என்று சொல்லிட்டாங்களாம். பெரியப்பாவும் பார்மட்டுக்குத் தயார். "அதுல என்ன இருக்கு, நாலு படம்தானே" என்றார்.

முதல் வேலையா, ஸ்கேனை டி டிரைவ்ல சேவ் பண்ணி, அன்னைக்கே அப்லோட் பண்ணி முடிச்சோம். அவசர வேலையையும் ரிப்பேரையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. அப்புறம் நிதானமா உட்கார்ந்து, இடம் எங்கே போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

ஹார்ட் டிஸ்க்ல இடம் ஆவியாப் போகாது. ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு கணக்கு உண்டு. கணக்கு இடிக்குதுன்னா, நம்ம கண்ணுக்குத் தெரியாத வரவு செலவு ஏதோ இருக்குன்னு அர்த்தம். கீழே இருக்கிற நாலு கேள்விகளை இதே வரிசையில கேளுங்க.

கேள்வி 1: உண்மையிலேயே குறையுதா, அளவு மாறுதா?

500 ஜிபி என்று எழுதின டிஸ்க் விண்டோஸ்ல 465 என்று காட்டும். யாரும் ஏமாத்தல. பழைய காலத்துல ஊருக்கு ஒரு படி இருந்த மாதிரி, அளந்தவர் ஒரு படி, வாங்கினவர் வேற படி. டிஸ்க் தயாரிக்கிறவங்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு 1024 × 1024 × 1024, அதாவது 107 கோடியே 37 லட்சம் பைட். 500-ஐ 1.0737-ஆல வகுத்துப் பாருங்க, 465.6 வரும். அதே கணக்குல 320 ஜிபி 298 ஆகும், 1 டிபி 931 ஜிபி ஆகும்.

இந்தக் குழப்பத்துக்காகவே 1998-ல் ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்பு, 1024 கணக்குக்குக் கிபி, மெபி, கிபிபைட் என்று தனிப் பெயர்களே வச்சது. விண்டோஸ் இன்னும் பழைய பெயரிலேயே எழுதுது. மேக் 2009 முதல் 1000 கணக்குக்கு மாறிடுச்சு. அதனால ஒரே டிஸ்க்கை ரெண்டு கம்ப்யூட்டர்ல மாட்டினா ரெண்டு எண் வரலாம்.

பெரியப்பா டிஸ்க் 500 ஜிபி. சி, டி ரெண்டையும் கூட்டினா 465. இந்தக் கேள்வியில ஒண்ணும் தொலையல. அடுத்தது.

கேள்வி 2: டிஸ்க் முழுசும் டிரைவா இருக்கா?

ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறங்க. மை கம்ப்யூட்டர்ல தெரியறது டிரைவ் எழுத்து இருக்கிற பகுதி மட்டும்தான். இங்கேதான் டிஸ்க்கோட முழு வரைபடம் தெரியும். கறுப்புப் பட்டையோட "அன்அலகேட்டட்" என்று இருந்தா, அது யாரும் பயன்படுத்தாத காலி மனை. எழுத்தே இல்லாத சின்னச் சின்னப் பகுதிகள் பூட் ஆகவும் ரெக்கவரிக்கும் ஒதுக்கினவை. அதுல கை வைக்காதீங்க.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினப்போ, விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் அதுல வந்தது. சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ் அது. லினக்ஸ் இருக்கிற பகுதியை விண்டோஸால படிக்க முடியாது. அதனால மை கம்ப்யூட்டர்ல அந்த ஜிபி எல்லாம் காணாமப் போன மாதிரியே இருக்கும். நிறைய வீடுகள்ல அக்கா, அண்ணனோட அந்த லேப்டாப் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

இடம் வேணும்னு அந்தப் பகுதியை டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் டெலீட் பண்ணிட்டா, பல லேப்டாப்ல அடுத்த தடவை விண்டோஸே பூட் ஆகாது. ஆன் பண்ணினதும் "விண்டோஸா, லினக்ஸா" என்று கேட்கிற கிரப் பூட்லோடரோட பெரும்பகுதி லினக்ஸ் பக்கத்துலதான் இருக்கு. வீட்டை இடிக்கிறப்போ அதுக்குள்ளே இருந்த சாவியையும் சேர்த்துப் புதைச்ச கதை. விண்டோஸ் பூட்லோடரைத் திரும்ப எழுதத் தெரிஞ்சா மட்டும் அதைத் தொடுங்க. பெரியப்பா கம்ப்யூட்டர்ல லினக்ஸ் இல்ல.

கேள்வி 3: தெரியற பைல்களைக் கூட்டினா கணக்கு வருதா?

சி டிரைவைத் திறந்து, எல்லா போல்டரையும் செலக்ட் பண்ணி, ப்ராபர்டீஸ் பாருங்க. எனக்கு வந்தது 51.4 ஜிபி. ஆனா டிரைவ் சொல்றது 96.4 ஜிபி செலவுன்னு. நடுவுல 45 ஜிபி காணோம்!

இதுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, மறைச்சு வச்ச பைல்கள் திரையில தெரியாததால நம்ம செலக்ஷன்ல வராது. ரெண்டு, உங்களுக்கு அனுமதி இல்லாத போல்டருக்குள்ள என்ன இருந்தாலும் விண்டோஸ் அதைக் கூட்டாது. வைரஸ் என்று முடிவு கட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பாருங்க. போல்டர் ஆப்ஷன்ஸ்ல மறைஞ்ச பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டச் சொல்லி ஒண்ணொண்ணா எழுதினேன்.

ஹைபர்னேஷன் பைல்: 1.6 ஜிபி. கம்ப்யூட்டர் தூங்கப் போறப்போ ராம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற இடம். விண்டோஸ் 10-ல் வழக்கமா ராம் அளவுல 40 சதவீதம் இருக்கும். 4 ஜிபி ராமுக்கு 1.6 சரிதான்.

பேஜ் பைல்: 4.4 ஜிபி. ராம் பத்தாதப்போ டிஸ்க்கையே ராம் மாதிரி பயன்படுத்த ஒதுக்கின இடம். ராம் குறைவான கம்ப்யூட்டர்ல இதைத் தொடாதீங்க.

சிஸ்டம் ரீஸ்டோர்: 9.5 ஜிபி. பழைய நிலைக்குத் திரும்பிப் போக விண்டோஸ் எடுத்து வச்ச நகல்கள். போல்டரைத் திறந்தாலும் உள்ளே விடாது. "சிஸ்டம் புரொடெக்ஷன்" பக்கத்துல எவ்வளவு எடுத்திருக்குன்னு பார்க்கலாம், உச்சவரம்பையும் குறைக்கலாம்.

ரீசைக்கிள் பின்: 5.5 ஜிபி. "நான்தான் காலி பண்ணிட்டேனே" என்றாள் தங்கச்சி. அவ அக்கவுன்ட்ல காலி. ஆனா விண்டோஸ்ல ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனிக் குப்பைத்தொட்டி உண்டு. அடுத்தவங்க தொட்டி நமக்குத் தெரியாது.

புரோகிராம் டேட்டா என்ற மறைஞ்ச போல்டரும் சில்லறையும்: 3 ஜிபி.

கூட்டினா 24. இன்னும் 21 ஜிபி பாக்கி.

அடுத்தவங்க தொட்டின்னா, அந்த அடுத்தவர் யாரு? யூசர்ஸ் போல்டர்ல மூணாவதா ஒரு பெயர் இருந்தது. திருப்பூர்ல வேலைக்குப் போயிட்ட அண்ணனோடது. திறக்கப் போனா அனுமதி இல்லைன்னு சொல்லி, "கன்டினியூ" பண்ணட்டுமான்னு கேட்டது. அட்மின் அக்கவுன்ட்ல அதை அழுத்தினா திறந்துடும். ஆனா அது இன்னொருத்தரோட பெட்டி. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அட, அதுல எதையோ போட்டு வச்சேன், நீயே பாரு" என்று பாஸ்வேர்டைச் சொன்னார்.

உள்ளே முழுக்க வீடியோ. பழைய போன்ல இருந்து இறக்கினவை. அதுல ஒண்ணு 40 நிமிஷம் ஓடுது. தாத்தா அடுப்புப் பக்கத்துல கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்து, ரோடு வராத காலத்துல குதிரை மேல உருளைக்கிழங்கு மூட்டை ஏத்திக்கிட்டுப் போன கதையைச் சொல்றார். தாத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் குரல் பதிவான வீடியோ வேற யார்கிட்டயும் இல்ல. அந்தப் போனும் எப்பவோ உடைஞ்சு போச்சு.

பெரியப்பா முழுசையும் பார்த்தார். முடிஞ்சதும், "பார்மட் போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி 4: டிஸ்க்குக்கே ஏதாவது கோளாறா?

கரண்ட் அடிக்கடி போற ஊர்ல இதையும் பாருங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது கம்ப்யூட்டர் அணைஞ்சா, எந்தப் பைலுக்கும் சொந்தமில்லாத துண்டுகள் டிஸ்க்ல தங்கிடும். டிரைவ் ப்ராபர்டீஸ்ல, டூல்ஸ் பக்கத்துல "செக்" கொடுத்தா விண்டோஸ் தேடிப் பார்க்கும். ஆனா டிஸ்க் வித்தியாசமா சத்தம் போட்டாலோ, பைல் திறக்க நிமிஷக்கணக்கா ஆனாலோ, சோதனையை அப்புறம் வச்சுக்கோங்க. முக்கியமானதை முதல்ல வேற டிஸ்க்குக்கு எடுங்க. நோய்வாய்ப்பட்ட டிஸ்க்குக்கு அந்தச் சோதனையே கடைசி ஓட்டமா ஆகிடலாம்.

கணக்கு முடிந்தது, இனி சுத்தம்

பைல் தெரிஞ்சாத்தான் அழிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும். நான் செஞ்சது மூணே வேலை. அண்ணனைக் கேட்டு அவர் குப்பைத்தொட்டியைக் காலி பண்ணினதுல 5.5 ஜிபி. ரீஸ்டோர் வரம்பை 2.5 ஜிபியாக் குறைச்சதுல 7 ஜிபி. வீடியோக்களை டி டிரைவுக்கு மாத்தினதுல 21 ஜிபி. ஏற்கெனவே இருந்த 1.2-ஓட சேர்த்தா 34.7 ஜிபி காலி. எதையும் டவுன்லோட் பண்ணல, ஒரு ரூபாய் செலவில்ல.

செய்யக்கூடாததும் மூணு இருக்கு. விண்டோஸ் போல்டருக்குள்ள "வின் எஸ்எக்ஸ்எஸ்" ரொம்பப் பெருசாத் தெரியும். அதைக் கையால அழிக்காதீங்க. அங்கே இருக்கிற பல பைல்கள் வேற போல்டர்லயும் தெரியும் ஒரே பைல்தான், ரெண்டு தடவை எண்ணப்படுறதால பெருசாத் தெரியுது. அதைச் சுத்தம் பண்ண "டிஸ்க் கிளீன்அப்"பை விடுங்க. அடுத்து, டி டிரைவ்ல இருந்து கொஞ்சம் வெட்டி சி-யில ஒட்டலாம்னு நினைக்காதீங்க. சி-க்கு ஒட்டி அடுத்த இடம் காலியா இருந்தாத்தான் விண்டோஸ் நீட்டிக்க விடும். கடைசியா, டி டிரைவுக்கு மாத்தினதை பேக்கப் என்று நினைச்சுடாதீங்க. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க். போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும்.

அதனால தாத்தா வீடியோவை பென்டிரைவ்ல ஒண்ணு, என் லேப்டாப்ல ஒண்ணு என்று எடுத்துக்கிட்டேன். திருப்பூர் அண்ணனுக்கும் ஒரு காப்பி போயிடுச்சு.

இந்த லீவுக்கு உங்க முன்னாடியும் ஒரு சிவப்பு டிரைவ் வரும். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்காருங்க. மொத்தம், செலவு, தெரியறது, தெரியாதது என்று நாலு எண்ணையும் எழுதுங்க. கணக்கு நேராகிற வரைக்கும் பார்மட் என்ற வார்த்தையை யாரும் சொல்லவிடாதீங்க.