அரை மாட்யூலா, 48 பிட்ச்சா?

நவி மும்பையில் கோபர்கைரனேயை ஒட்டியுள்ள டிடிசி தொழிற்பேட்டையில் எந்த லேத் பட்டறையிலும் ஒரு பல்சக்கரத்தை நீட்டிப் பாருங்கள். "மாட்யூல் என்ன?" என்பார்கள். ஸ்லாட் கார் ஓட்டுகிறவரைக் கேட்டால் "ஒன்பது பல்" என்பார். அது பாதி விடைதான்.

ஸ்லாட் கார் என்பது பொம்மைக் கார்ப் பந்தயம். தடத்தில் ஒரு பள்ளம். காரின் அடியிலிருக்கும் முளை அதில் இறங்கி ஓடும், பள்ளத்தின் இருபுறப் பட்டைகளிலிருந்து மின்சாரம் வரும். 1957-இல் பிரிட்டனின் ஃப்ரெட் பிரான்சிஸ் கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் இதைப் பிரபலமாக்கியது. மோட்டார் தண்டில் சின்னப் பினியன், பின் அச்சில் பெரிய கியர். 9-க்கு 27 பல் என்றால் மோட்டார் மூன்று முறை சுற்ற, சக்கரம் ஒரு முறை சுற்றும்.

ஆனால் பல்லின் பருமன் பொருந்தாவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. நம் பட்டறைகள் மாட்யூலில், அதாவது பல்லின் பருமனை மில்லிமீட்டரில் சொல்லும் அளவில், பேசும். இந்த விளையாட்டில் அங்குலக் கணக்கான பிட்ச்சும் புழங்குகிறது. 48 பிட்ச்சை மில்லிமீட்டருக்கு மாற்றினால் 0.53 மாட்யூல். அரை மாட்யூலுக்கு வெகு அருகில் இருப்பதுதான் வம்பு: இரண்டும் கோத்துக்கொள்வதுபோல் தோன்றும், ஓடும்போது கரகரவென்று பல்லைத் தின்றுவிடும். 64 பிட்ச் 0.4 மாட்யூல்தான் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அளப்பது எளிது. வெர்னியரில் வெளி விட்டத்தைப் பார்த்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல். 36 பல் கியர் 19 மி.மீ. காட்டினால் அரை மாட்யூல், 20.1 என்றால் 48 பிட்ச், 15.1 என்றால் 64.

பினியனை அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஒன்பது பல்லில் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பல் இல்லை, இடைவெளிதான். 5.5 மி.மீ. இருக்க வேண்டியது வெர்னியரில் 5.33 என்று வரும். போதாததற்கு, பல் குறைந்த பினியனைப் பல்லின் அடி மெலியாமலிருக்கச் சற்றுப் பெரிதாகவே வெட்டுவதுண்டு. பல் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கிரவுன் கியருக்கும் இந்தச் சூத்திரம் ஒத்துவராது. அளவு தெரிந்த பினியனைக் கோத்துத்தான் பார்க்க வேண்டும்.

துளையையும் பாருங்கள். மும்பை லேமிங்டன் ரோடில் கிடைக்கும் 130 ரக மோட்டாரின் தண்டு 2 மி.மீ.; 1/32 அளவுக் கார்களின் அச்சு பெரும்பாலும் 2.38. மாற்றும்போது பினியனையும் கியரையும் ஜோடியாகவே வாங்குங்கள்.