தலைக்கணக்கு போதாது, தேவைக்கணக்கு வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல் மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு, ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டு, ஊரே தீவானது. தினமும் மாத்திரை போட வேண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போவது என்பதே அன்றைய கேள்வி. வெள்ளம் வடிந்துவிட்டது. ஊருக்கு வெளியே, தாழ்வான இடங்களில் ஒதுக்கப்பட்ட தலித் குடியிருப்புகளில் அந்தக் கேள்வி இன்னும் வடியவில்லை.

ஆரம்ப சுகாதாரத்தில் தமிழ்நாடு முன்னோடி என்பதை நாம் மறுக்கவில்லை. 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால் எந்தச் சேவை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நெறிமுறை. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு இது 3,000, 20,000 என்று தளர்த்தப்பட்டிருக்கிறது. எட்டாத இடத்துக்குத் தலைக்கணக்கு மட்டும் போதாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மலை ஒரு தூரம் என்றால் சாதியும் ஒரு தூரம்தானே? சமவெளித் தலித் தெருவுக்கு அப்படியொரு தளர்வு இல்லை.

அடுத்தது வருகைக் கணக்கு. வந்துபோகும் நோயாளிகளின் எண்ணிக்கையே ஒரு நிலையத்தின் தேவைக்கு முக்கிய அளவுகோலாகிறது. விடியும் முன்பே நடவுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் போகிற பெண், பகலில் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதனால் அவர் வருவதில்லை. வராதவர் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரின் நோய்க்கு ஒதுக்கீடும் இல்லை.

மருத்துவத் தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார் ஜூலியன் டியூடர் ஹார்ட். அவர் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமத்து மருத்துவர். அங்கே வர்க்கம் செய்ததை இங்கே வர்க்கமும் சாதியும் சேர்ந்து செய்கின்றன. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழையத் தயங்குவதையும், குழந்தைகளைத் தொடாமல் மருந்து கொடுப்பதையும் அது பதிவு செய்தது.

நாம் கேட்பது சலுகை அல்ல. தடுப்பூசி, ரத்தசோகை, காசநோய், ரத்த அழுத்தம் ஆகிய விவரங்களைக் குடியிருப்பு வாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்தே பணியாளரையும் மருந்தையும் ஒதுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேர மருத்துவம் தலித் குடியிருப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியைத் தனியாக ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

முடிவெடுக்கும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும். கிராம சுகாதாரக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. உங்கள் ஊராட்சிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த சபையில் சாலை, தெருவிளக்குக்கு முன்பாக இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மான நோட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.