குடலைப் பயிரும் வரட்சியும்

கச்சான் வீசும் சிறுபோகத்திலே, சம்மாந்துறை வட்டைகளில் நெற்பயிர் உச்சிவேளையில் இலை சுருட்டி நிற்பதையும் மாலையில் மீண்டும் விரிவதையும் கண்டிராதார் நம்மிற் சிலரே. இலைவாய்களை மூடி நீரிழப்பைக் குறைக்கும் பயிரின் உபாயம் அது. ஆயினும் இலைவாய் மூடினால் காபனீரொட்சைட்டும் உட்புகாது, வெயிலோ ஓய்வதில்லை. பச்சையவுருமணிகள் ஏற்ற ஒளிச்சத்தி செலவழிய வழியின்றி ஒட்சிசனைத் தாக்க, சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆகிய தீய பொருள்கள் தோன்றுகின்றன.

இவற்றுக்கு இரையாவது கலமென்சவ்வு. இரு படையாய் அமைந்த கொழுப்புப் பொருளும் அதிற் பதிந்த புரதங்களுமே அச்சவ்வு. கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்தால் சவ்வு ஓட்டைப் பானையாகிவிடும்; பொற்றாசியம் முதலிய அயன்கள் வெளியே கசியும். மாணவர் இதனை ஆய்வுகூடத்திலேயே காணலாம். வாடிய இலைத்துண்டுகளையும் வாடாதவற்றையும் கழுவி, காய்ச்சிவடித்த நீரில் வெவ்வேறாக இட்டு, சில மணி நேரத்தின் பின் அந்நீரின் மின்கடத்துதிறனை அளந்தாற் போதும்.

பயிர் வாளாவிருப்பதில்லை. ஒரு நொதியம் சுப்பரொட்சைட்டைப் பேரொட்சைட்டாக மாற்ற, கற்றலேசு என்னும் நொதியம் அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். புரோலின் என்னும் அமினோவமிலமும் கலத்திற் சேரும். வாடிய புல்லில் அது மிகுவதைக் கெம்பிள், மக்பேர்சன் என்போர் 1954இல் வெளியிட்டனர். வரட்சி நீடித்தால் இக்காவலும் தளர்ந்துவிடும்.

இளம்பயிர் ஓரளவு வாடினும் நீர் கண்டதும் தேறிவிடும். குடலைப் பருவத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு மகரந்தம் உருவாகத் தொடங்கும். அப்போது மகரந்தக்கூட்டுக்கு வரும் சுக்குரோசை இன்வேட்டேசு என்னும் நொதியம் பிரித்துக் கொடுத்தாலன்றி, மகரந்தத்தில் மாப்பொருள் சேராது. வரட்சியில் இந்நொதியத்தின் தொழில் வெகுவாகக் குறையும். வெறுமையான மகரந்தம் பின்னர் பெய்யும் மழையால் உயிர்பெறுவதில்லை. கதிர் நிமிர்ந்து நிற்கும். தொட்டுப் பார்த்தால் பதர்.

2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சியில் இலங்கையின் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அத்தகைய காலங்களிலே, சேனாநாயக்க சமுத்திரத்து நீரை வாரந்தோறும் சமமாய்ப் பங்கிடுவது நீதியாகத் தோன்றும். என் எண்ணம் வேறு. மூன்றரை மாத நெல்லாயின் விதைத்த 60ஆம் நாளுக்கும் 75ஆம் நாளுக்கும் இடையே நீர் தவறலாகாது. அதற்காக முந்திய வாரங்களிற் சிறிது சிக்கனம் செய்யலாம். வட்டைக்கு வட்டை விதைப்பு நாள் வேறுபடுமாதலின், பயிர்செய்கைக் கூட்டத்திலே அந்நாட்களைக் குறித்துவைத்தால், வாய்க்காலின் கடைசி வட்டைக்கும் அதன் குடலை வாரத்தில் நீர் போய்ச்சேர வழியுண்டு.