மாக்காக் கிழங்கு: பானையிலும் புட்டியிலும்

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் ஹூனின் பீடபூமி கடல் மட்டத்திற்கு மேல் 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. உறைபனியும் கடுங்காற்றும் வீசும் அவ்விடத்திலும் விளைவது மாக்கா. கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி தரையோடு ஒட்டிப் படர்ந்து, மண்ணுக்குள் சிறு கிழங்கைத் தருகின்றது.

அறுவடையான கிழங்குகளிற் சிலவற்றை மண் அடுப்பிற் சுட்டுண்பர். எஞ்சியவற்றை வாரக்கணக்கில் திறந்த வெளியிற் பரப்பி வைப்பர். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறித் தாக்க, கிழங்கு சுருங்கி உலர்ந்து, ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும். இது வெறும் சேமிப்பு முறையன்று. உறைந்து இளகுகையில் திசுக்கள் சிதைகின்றன. கடுகின் காரத்திற்குக் காரணமான குளுக்கோசினோலேட் இனப் பொருள்கள் மாறுதலடைகின்றன. மாக்கமைடு என்னும் சேர்மங்கள் பெரும்பாலும் இக்கட்டத்திலேயே தோன்றுகின்றன. உலர்ந்த கிழங்கை ஊறவைத்து, நீரிலோ பாலிலோ வேகவைத்து உண்பர். மலைவாசிகளுக்கு அது சோற்றுக்கு நிகர்.

1980ஆம் ஆண்டுகளில் இப்பயிர் அருகிப்போயிற்று. பின்னர் அயல்நாட்டுச் சந்தை அதனை மீட்டது. ஆனால் உணவாக அன்று, புட்டியில் அடைத்த பொடியாக. குளிர்காலத்திற் பாலில் ஒரு கரண்டி கலந்து பருகினால் வலிமையும் கருவளமும் பெருகும் என்று விற்போர் கூறுவர். 2003இல் வெளியான பெரு நாட்டு ஆய்வில், நாளொன்றுக்கு 1.5 அல்லது 3 கிராம் வீதம் 12 வாரம் உட்கொண்ட ஆடவரின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. கருவளம் பற்றிய சோதனைகளும் சிறியவையே.

கிராமத்தில் எவரேனும் இப்பொடியைப் பற்றி வினவினால், முன்கழுத்துக் கழலை உண்டா என்று முதலிற் கேட்டறிதல் நலம். அயோடின் குறைந்த உணவு உண்போருக்குக் குளுக்கோசினோலேட்டுகள் தைராய்டு சுரப்பியின் வேலைக்கு இடையூறு செய்யக்கூடும். அத்தகையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது.