பணயம் கொடுத்தால் பூட்டு திறக்குமா?

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளை ரான்சம்வேர் பூட்டியது. பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்கொன்றின் கடவுச்சொல்லே தாக்கியவர்களுக்கு வாசலாயிற்று. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின், ஏறத்தாழ 44 லட்சம் டாலர், பணயமாகக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்த மீட்புக் கருவியோ மிக மந்தமாக இயங்கியதால், தன் சொந்தக் காப்புப் பிரதிகளையே தொடர்ந்து நாட நேர்ந்தது.

பொருளியலார் இதைப் புறவிளைவு என்போம்: ஒருவர் செலுத்தும் பணயம், அடுத்தவர் மீதான தாக்குதலுக்கு முதலீடாகிறது. பணயத்தைத் தடைசெய்வதைவிட, அது தேவைப்படாத நிலையை உருவாக்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் பிரதியும் சேர்ந்தே பூட்டப்படும். எனவே ஒன்றையாவது துண்டித்து வைத்து, மாதந்தோறும் சில கோப்புகளை மீட்டுப் பார்க்க வேண்டும். சிறு கடைக்கு இதற்கான செலவு ஒரு வன்தட்டும் ஊழியர் ஒருவரின் அரை நாளும்தான்.