கூலி மிச்சம், நேரம் மிச்சமில்லை

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலி போடுவேன். உட்காருபவர் கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டி, என் கையில் ட்ரிம்மர், இடுப்பில் சொருகிய சீப்பு. வீட்டுக்காரருக்கும் இரண்டு பையன்களுக்கும் முடி வெட்டிவிடுவது நான்தான். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கிய வேலை, கைவந்துவிட்டது. கடையில் தலைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 450 ரூபாய் கையில் நிற்கிறது.

எங்கள் சந்தில் பல வீடுகளிலும் இதே நிலைதான். தலைக்குச் சாயம், தண்ணீர்த் தொட்டி கழுவல், ஜன்னலுக்குப் பெயின்ட், கழிவறைக் கறை என்று ஆள் கூப்பிடாமல் அவரவரே செய்துகொள்கிறார்கள். விலைவாசி அப்படி. அதை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் இப்படி ஒரு சிக்கனத்தில்தான் என் அம்மா இரண்டு கண்ணும் வீங்கி, மூன்று நாள் திறக்க முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு ஒன்று தெளிவாகப் புரிந்தது. சொந்தக் கையால் செய்யும்போது மிச்சமாவது கூலி மட்டும்தான். வேலைக்குரிய நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்க முடியாது. வீட்டு வேலையில் உடம்பு கெடுவது பெரும்பாலும் அந்த நேரத்தைத் திருடும்போதுதான்.

சாயத்துக்கு 48 மணி நேரம்

தம்பி மகனுக்குக் காதுகுத்து. முந்தின நாள் மாலை அம்மா தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். "மூலிகை மருதாணி" என்று எழுதியிருந்த பொட்டலம். "காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பார்த்துட்டுப் போடும்மா" என்றேன். "இருபது வருஷமா போட்டுக்கிட்டு வர்றேன், எனக்கா ஒத்துக்காமப் போகும்?" என்றார். மறுநாள் மண்டையில் அரிப்பு. அதற்கு மறுநாள் நெற்றி தடித்து, இமைகள் வீங்கி, காது மடலில் நீர் வடிந்தது.

அம்மா சொன்னதில்தான் ஆபத்தே இருக்கிறது. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது பாரா-ஃபினைலீன் டைஅமீன் என்ற ரசாயனம், சுருக்கமாக பி.பி.டி. இதற்கான ஒவ்வாமை முதல் நாளே வரவேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்பப் படும்போது உடம்பு அதை எதிரியாகப் பதிந்துவைத்துக்கொண்டு, பத்தாவது வருஷத்திலும் இருபதாவது வருஷத்திலும் கிளம்பும். ஒருமுறை பதிந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது.

நல்ல மருதாணி இலை செம்பழுப்பு நிறம்தான் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் கறுப்பாக்குகிறது என்றால் அதில் வேறெதுவோ கலந்திருக்கிறது என்று பொருள். மட்டாஞ்சேரியில் பெருநாள் ராத்திரி குழந்தைகள் கையில் வரையும் மருதாணிக்கும் இதே கணக்குதான். செம்மண் நிறக் கோன் இருக்கட்டும், கறுப்புக் கோன் வேண்டாம்.

சோதனை எளிது. கலந்த சாயத்தில் ஒரு பொட்டளவு எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பின் உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பழகிய சாயமாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். விசேஷத்துக்கு முந்தின நாள் சாயம் போடுவதே தப்பு. நான்கு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் வேண்டாம். நாக்கோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நகையைக் கழற்றச் சொல்லும் க்ரீம்

பார்லருக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே பத்து நாளில் நிறம் மாறும் என்று விற்கிற க்ரீம்களைப் பற்றிக் கேரளத்தில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகிப் புரதம் வெளியேறும் நோய். அவர்களில் 15 பேரிடம் அந்த நோயின் ஓர் அரிய வகை தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். காரணம், க்ரீமில் இருந்த பாதரசம். ஆய்வு ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் வெளிவந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023 முதல் கடைகளில் சோதனை நடத்திவருகிறது.

தோலில் பூசுவது சிறுநீரகம் வரை போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதரசம் போகும். சில டப்பாக்களில் "தங்க நகை படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருப்பார்கள். பாதரசம் தங்கத்தைக் கவ்வும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பூசியிருந்து, சிறுநீர் நுரைத்தாலோ காலும் முகமும் வீங்கினாலோ, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நேரத்தோடு நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள்.

படையும் ஈரத்துணியும்

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள டோபி கானா என்ற சலவைக்கூடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் சீருடையை வெளுக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள், 1976இல் கட்டிக்கொடுக்கப்பட்ட இந்தத் துறையில் இன்றும் கையால் துவைக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுவார்கள், கிளிப் கிடையாது. முழுக்கக் காயாத துணியை மடிக்க மாட்டார்கள். பாதி காய்ந்ததும் எடுத்து அடுக்கும் அவசரம் அங்கே இல்லை.

நம் வீடுகளில் மழைக்காலத்தில் நடப்பது வேறு. உள்ளாடையை மாடிப்படிக்கு அடியில் கட்டிய கொடியில் போட்டு, ஈரம் இருக்கும்போதே எடுத்து உடுத்துகிறோம். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை என்னும் படை வருகிறது. அடுத்து மருந்துக்கடை. மருத்துவருக்குக் கொடுக்கும் காசை மிச்சம்பிடிக்க ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிறோம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். அந்த ட்யூபில் பல நேரம் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அடங்கியது அரிப்பு மட்டுமே. பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து தொடையில் வரி விழும், அது மறையாது. 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கேட்காமல் இருப்பது நம் கையில்.

இதில் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு, செலவும் இல்லை. படை உள்ளவரின் துணியைத் தனியாக நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் இல்லாத நாளில் உள்பக்கத்தைத் திருப்பி இஸ்திரி போடுங்கள். துண்டு, சோப்பு, ரேஸர் மூன்றும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். ரேஸரைப் பகிர்வதால் மஞ்சள் காமாலையின் பி, சி வகை வைரஸ்களும் தொற்றும். மருத்துவர் தந்த மருந்தை, தோல் சுத்தமான பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் தடவ வேண்டும்.

கழிவறையில் இரண்டு பாட்டில்

கழிவறைக் கறைக்கு வாங்கும் நீலப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடர் குளோரின் கொண்டது. ஒன்றில் போகாத கறை இரண்டும் சேர்ந்தால் போகும் என்று நினைத்து ஊற்றினால், அந்தச் சிறிய அறையில் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை அடைக்கும், மார்பு இறுகும். உடனே வெளியே வந்து கதவைத் திறந்து போட வேண்டும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக் கூடுவதும் உண்டு. அதனால் அன்று முழுக்க ஒரு கண் வைத்திருங்கள். இன்று அமிலம் என்றால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ப்ளீச்சிங் பவுடரை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது கண்ணில் தெறித்தாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழைய ஜன்னலைச் சுரண்டும்போது

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மரஜன்னல்கள் பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறி நிற்கின்றன. உப்புக்காற்றில் அவை செதில் செதிலாக உரியும். பெயின்ட் அடிப்பவர் கூலி ஏறிவிட்டதால் உப்புத்தாள் வாங்கி நாமே தேய்க்கத் தொடங்குகிறோம். குழந்தைகளும் கூடவே நின்று தேய்க்கும்.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று பார்வையில் சொல்ல முடியாது. உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது கிளம்பும் தூசி தரையில் படிந்து, தவழும் குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

உரியாமல் கெட்டியாக நிற்கும் பெயின்டை அப்படியே விட்டு மேலே புதிது பூசலாம். உரிவதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு என்-95 முகக்கவசம். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

தொட்டி, கான, கொசு

மேல்தொட்டியை வீட்டிலேயே கழுவலாம். கேரளத்தில் 2024, 2025 இரண்டு வருஷமும் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பயமுறுத்திய பிறகு இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. அடிச்சேற்றைத் தேய்த்து வெளியேற்றிவிட்டு நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 5 கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்க வேண்டும்.

வாசல் சாக்கடையை இங்கே ‘கான’ என்போம். பஜார் ரோட்டு அரிசி, மசாலாப் பண்டகசாலைகளின் எலிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் நடமாடும். வெறுங்காலோடு இறங்கினால் பித்தவெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடும். முழங்கால் வரை பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். அடிக்கடி அந்த வேலை செய்பவர்கள் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் சாப்பிடக் கேரளச் சுகாதாரத் துறை சொல்கிறது; மருத்துவரைக் கேட்டு, உணவுக்குப் பின் சாப்பிடலாம். பிறகு காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால், "கானயில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

ஒரு சின்ன வேலை, பத்து ரூபாய்கூட ஆகாது. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அங்கேயும் உற்பத்தியாகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அந்த நோய்க்கே ‘கொச்சிக் கால்’ என்று பெயர் இருந்த ஊர் இது. டெங்கு கொசு வேறு. அது நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரத்தில் பறக்கும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு இரண்டையும் வாரம் தவறாமல் கவிழ்த்துவிடுங்கள்.

இவற்றுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்

செப்டிக் டேங்கைத் திறக்காதீர்கள். அதன் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். மின்சார வேலைக்கு உரிமம் பெற்றவர் வரட்டும். சர்க்கரை நோயாளிகள் காலில் உள்ள ஆணியையும் காய்ப்பையும் ப்ளேடால் சீவ வேண்டாம். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்த நோயால் உணர்ச்சி மரத்த காலில் பட்ட வெட்டு வலிக்காது. சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். நகத்தை வெளிச்சத்தில் நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள்.

அம்மா இப்போது நரையோடுதான் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். சந்தேகம் வந்தால் கேட்பதற்குக் கேரளத்தில் ‘திசா’ உதவி எண்கள் 1056, 104. தமிழ்நாட்டிலும் 104 உண்டு. ரசாயனம் உடம்புக்குள் போய்விட்டால் டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், கட்டணமில்லை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கழிவறைச் சாமான் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் இன்றே ஒட்டிவிடுங்கள்.